பன்னாட்டு நிறுவனம்: பொருளும் தோற்றமும் – வடசென்னைத் துறைமுக, தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

‘பன்னாட்டு நிறுவனம்’ என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் ‘அயல்நாட்டு நிறுவனம்’ என்னும் பொருளிலேயே வழங்கி வருகிறது. பல நாடுகளில் நடைபெறும் உற்பத்தியையும் பணிகளையும் ஒரு மையத்திலிருந்து கட்டுப்படுத்தும் அமைப்பே இச்சொல்லின் உட்பொருள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளையும் அவற்றை ஒட்டிய மணலி, பெரம்பூர், காட்டுப்பள்ளி ஆகியவற்றையும் களமாகக் கொண்டு, கம்பெனிக் காலம் முதல் இன்றுவரை இந்நிறுவன வடிவம் அடைந்த மாற்றங்கள் காலவரிசையில் ஆராயப்படுகின்றன. இம்மாற்றங்களைத் தாய்நாட்டு முதலாளர்களின் விருப்பம் மட்டும் தீர்மானிக்கவில்லை. தொழில் நடைபெறும் நாட்டின் உத்தரவாதம், சுங்கவரி, உரிமம், பங்கு வரம்பு ஆகியனவும் தீர்மானித்தன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பன்னாட்டு நிறுவனம், கட்டுப்பாடு, சாசனக் கம்பெனி, சுங்கவரி, தொழில்நுட்பக் கூட்டுறவு, வடசென்னை, பொறுப்புடைமை.

முன்னுரை

சென்னை மெட்ரோ இரயிலின் வடமுனைத் தடத்தில் காலடிப்பேட்டை, விம்கோ நகர் என்னும் இரு நிலையங்கள் உள்ளன. முன்னது, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநராக 1717 முதல் 1720 வரை இருந்த ஜோசப் கோலட்டின் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு. ‘கோலட்பேட்டை’ என்பது மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. பின்னது, சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் தொடங்கிய ‘வெஸ்டர்ன் இண்டியா மேட்ச் கம்பெனி’ என்பதன் முதலெழுத்துகளால் ஆன பெயர். இரண்டும் கடல் கடந்த நிறுவனங்களின் சுவடுகளே. எனினும் இவ்விரு நிறுவனங்களும் ஒரே வகையினவா? நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிய கம்பெனியையும், ஆலை கட்டிக் கூலிக்கு ஆளமர்த்தித் தீப்பெட்டி செய்த நிறுவனத்தையும் ஒரே பெயரால் சுட்டலாமா?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தொழில் வட்டாரம் ஒன்றில் வேலை, வருவாய், மாசு, விபத்து ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை அறிய வேண்டுமாயின், முடிவெடுக்கும் அதிகாரம் எங்குள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதற்குச் சொல்லின் பொருள் தெளிவாக இருத்தல் இன்றியமையாதது.

சொல்லும் வரையறையும்

பல நாடுகளில் தொழில் நடத்தும் நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. அமெரிக்காவின் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் 1867-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உற்பத்தியைத் தொடங்கியதை இதற்குத் தொடக்க நிலைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் பெயர் பின்னரே வந்தது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்த டேவிட் லிலியன்தால் 1960-இல் ஆற்றிய உரையில், ஒரு நாட்டில் தலைமையிடம் கொண்டு பிற நாட்டுச் சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் உட்பட்டு இயங்கும் நிறுவனங்களைக் குறிக்கப் ‘பன்னாட்டு’ என்னும் அடைமொழியைப் பயன்படுத்தினார். ஐக்கிய நாடுகள் அவை 1970-களில் ‘நாடு கடந்த நிறுவனம்’ என்னும் தொடரை விரும்பியது. பல நாட்டினர் சேர்ந்து நடத்துவது என்னும் மயக்கத்தை முதற்சொல் தருவதும், ஒரு நாட்டினர் எல்லை கடந்து நடத்துவது என்னும் தெளிவை இரண்டாம் சொல் தருவதும் இவ்வேறுபாட்டின் காரணம். தமிழகத்தில் ‘பன்னாட்டு நிறுவனம்’ நிலைபெற்றிருக்க, இலங்கைத் தமிழில் ‘பல்தேசியக் கம்பனி’ என்பது வழக்கு.

ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த ஆய்வுகள், தாம் நிலைகொண்ட நாட்டுக்கு வெளியே உற்பத்தி அல்லது சேவை அமைப்புகளை உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் என இவற்றை வரையறுத்தன. இவ்வரையறையில் ‘கட்டுப்பாடு’ என்பதே உயிரான சொல். பொருளை ஏற்றுமதி செய்வோர் எல்லை கடந்து விற்கின்றனர். உற்பத்தி அவர்தம் நாட்டிலேயே நிகழ்கிறது. அயல்நாட்டுப் பங்குகளை வாங்கி ஆதாயம் பெறுவோர் பணத்தை அனுப்புகின்றனர், நிருவாகத்தில் தலையிடுவதில்லை. தொழில்நுட்ப உரிமத்தை விற்போர் அறிவை அனுப்புகின்றனர், ஆலை வேறொருவருடையது. பன்னாட்டு நிறுவனமோ பணம், அறிவு, மேலாண்மை ஆகிய மூன்றையும் ஒரே அதிகாரக் கட்டமைப்புக்குள் வைத்து எல்லை கடத்துகிறது.

இது ஏன் நிகழ்கிறது? ஸ்டீபன் ஹைமர் 1960-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இவ்வினாவுக்கு முதல் தெளிவான விடையைத் தந்தது. அந்நிய மண்ணில் தொழில் நடத்துவோர்க்கு மொழி, சட்டம், சந்தை ஆகியவற்றில் உள்ளூராரைவிட இடர் மிகுதி; அவ்விடரை விஞ்சும் சிறப்பாற்றல் ஒன்று கையில் இருந்தால்தான் அவர்கள் நிலைக்க முடியும். அதனைப் பிறருக்கு விற்காமல் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க விழைவதே நேரடி முதலீட்டின் காரணம் என்றார் அவர். ஒரு பொருள் புதுமை நிலையிலிருந்து பொதுநிலைக்கு வரும்போது உற்பத்தி நாடு விட்டு நாடு பெயர்வதை ரேமண்ட் வெர்னன் 1966-இல் விளக்கினார். உடைமைச் சிறப்பு, இடச் சிறப்பு, அகப்படுத்தலின் நன்மை ஆகிய மூன்றும் சேரும்போதே பன்னாட்டு உற்பத்தி நிகழும் என ஜான் டன்னிங் தொகுத்துரைத்தார்.

இக்கோட்பாடுகள் பெரும்பாலும் செல்லும் நிறுவனத்தின் பக்கம் நின்று பேசுவன. ஏற்கும் நாடு இவற்றில் ‘இடம்’ என்னும் ஒற்றைக் கூறாகச் சுருங்கி விடுகிறது. வடசென்னையின் வரலாறு அக்கூறினை விரித்துப் பார்க்க உதவுகிறது.

இந்தியச் சட்டத்தின் பார்வையும் நோக்கத்தக்கது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் ‘பன்னாட்டு நிறுவனம்’ என்பதற்கு விளக்கம் தருகிறது. அயல்நாட்டில் பதிவு பெற்று, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில் துணை நிறுவனமோ கிளையோ கொண்டிருப்பது, அல்லது அவ்வாறு தொழில் நடத்துவது என்பது அதன் கருத்து. அச்சட்டத்தின் நோக்கத்துக்கு இது போதுமானது. ஆயினும் இந்தியாவில் பதிவு பெற்று வெளிநாடுகளில் ஆலை நடத்தும் நிறுவனத்தை இவ்விளக்கம் தன்னுள் அடக்குவதில்லை. பன்னாட்டு நிறுவனம் என்றால் வெளியிலிருந்து வருவது என்னும் பொதுமக்கள் கருத்தும் இதுவே. இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

சாசனக் கம்பெனிகள்: பழவேற்காடும் காலடிப்பேட்டையும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31 அன்று அரசி எலிசபெத்திடம் சாசனம் பெற்றது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் உருவானது. இரண்டாவதன் பங்குகள் ஆம்ஸ்டர்டாமில் கைமாறியதிலிருந்தே நிலையான பங்குச் சந்தை வளர்ந்தது. எண்ணூருக்கு வடக்கிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இவ்வூரிலேயே இருந்தது. இங்கு வாங்கிய துணி இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்று, அங்கு நறுமணப் பொருளுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. பழவேற்காட்டுக் கிடங்குக்கு பட்டாவியாவும், பட்டாவியாவுக்கு ஆம்ஸ்டர்டாமும் கட்டளையிட்டன. ஒரே நிறுவனத்தின் உட்கிளைகளுக்கிடையே பொருள் பெயரும் இம்முறை இன்றைய பன்னாட்டு நிறுவனங்களின் உள்வாணிகத்தை நினைவூட்டுவது.

ஆங்கிலேயர் 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றதும் துணிக்காகவே. கோட்டைக்கு வடக்கே நெய்வோர், சலவை செய்வோர், சாயம் தோய்ப்போர் குடியமர்ந்தனர். வண்ணாரப்பேட்டை என்னும் பெயர் அத்தொழிலின் எச்சம். காலடிப்பேட்டையும் இத்தொடரில் அமைந்ததே. கம்பெனி இடைத்தரகு வணிகர் வழியே முன்பணம் தந்தது; மாதிரித் துணியைக் காட்டி நீளம், அகலம், இழை நெருக்கம் ஆகியவற்றை வகுத்தது; வந்த துணியைத் தரம் பிரித்து, ஒவ்வாததைத் தள்ளியது.

இக்கம்பெனிகளைப் பன்னாட்டு நிறுவனங்களின் முன்னோடிகளாகக் கொள்ளலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆன் கார்லோஸ், ஸ்டீபன் நிக்கலஸ் இருவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில், சம்பளம் பெறும் மேலாளர் படிநிலையும் தலைமையிடக் கண்காணிப்பும் கொண்டிருந்ததால் இவை இன்றைய பன்னாட்டு நிறுவனங்களை ஒத்தவை என வாதிட்டனர். மறுப்போர், இவற்றின் ஆதாயம் மேலாண்மைத் திறனால் வந்ததன்று. அரசு தந்த தனியுரிமையாலும் படைவலியாலும் வந்தது என்பர்.

மேலே கூறிய அளவுகோலைப் பொருத்தின் விடை இடைநிலையில் நிற்கிறது. தறி நெசவாளருடையது, அவர் கம்பெனியின் கூலியாள் அல்லர், பிற வணிகருக்கு நெய்யும் வாய்ப்பும் அவருக்கு ஓரளவு இருந்தது. ஆகவே உற்பத்தி கம்பெனியின் உடைமை அன்று. ஆனால் எதை, எவ்வளவு, எத்தரத்தில் நெய்வது என்பதைக் கம்பெனி வகுத்தது. அதன் அரசியல் வலிமை பெருகப் பெருக, முன்பணம் கடனாகவும் கடன் கட்டாயமாகவும் மாறின. வாணிகக் கட்டுப்பாட்டுக்குத் துணையாக ஆட்சி அதிகாரம் வந்து சேர்ந்தது. இக்கலப்பே சாசனக் கம்பெனியைப் பிற்கால வடிவங்களிலிருந்து பிரிக்கிறது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலக் கம்பெனியின் வாணிகத்தை நிறுத்தி ஆட்சியை மட்டும் விட்டுவைத்தது. 1858-இல் ஆட்சியும் பறிபோக, 1874-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இலண்டனில் பதிவு, இராயபுரத்தில் தொழில்

கம்பெனி விட்டுச் சென்ற இடத்தில் வேறொரு வடிவம் தோன்றியது. இலண்டனில் பதிவு பெற்று, அங்கு முதல் திரட்டி, இந்தியாவில் மட்டும் தொழில் நடத்தும் நிறுவனம் அது. மெட்ராஸ் இரயில்வே கம்பெனி இதற்குத் தக்க சான்று. அதன் இராயபுரம் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி அவ்வாண்டு ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. இங்கிலாந்துப் பங்குதாரர் இட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என அரசு உறுதியளித்திருந்தது. ஈட்டம் குறைந்தால் குறையை இந்திய வருவாய் ஈடு செய்யும். எனவே இடர் இந்திய வரி செலுத்துவோர்க்கும் ஆதாயம் இலண்டன் பங்குதாரர்க்கும் என்று பிரிந்தது.

தாய்நாட்டில் தாய்த்தொழில் எதுவும் இன்றி, அயல்நாட்டுத் தொழிலுக்கென்றே பதிவு பெறும் இத்தகைய நிறுவனங்களைத் ‘தனித்து நிற்கும் நிறுவனம்’ என மீரா வில்கின்ஸ் 1988-இல் வகைப்படுத்தினார். பிரித்தானிய முதல் உலகெங்கும் பரவியதற்கு இதுவே பெருவழி. இலண்டன் அலுவலகம் சிறிது. அன்றாட நிருவாகம் பெரும்பாலும் உள்ளூர் முகமை இல்லங்களின் கையில் இருந்தது.

சென்னையில் அம்முகமை இல்லங்களுள் ஒன்று பின்னி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்கொண்ட அவ்வில்லம், பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளை 1870-களிலும் 1880-களிலும் நிறுவியது. 1906-இல் ஆர்பத்நாட் வங்கி வீழ்ந்தபோது பின்னியும் தளர்ந்து, பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மக்கேயின் கைக்கு மாறியது. வடசென்னை ஆலைத் தொழிலாளர் தம் வாழ்வைத் தீர்மானிக்கும் முடிவுகள் கடலுக்கப்பால் எடுக்கப்படும் நிலையை இங்கு எதிர்கொண்டனர். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைவராக அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் போற்றப்படுவது. அதன் எழுச்சிக்கு இவ்வாலைகளே களம்.

இதே காலத்தில் முழுமையான பன்னாட்டு நிறுவனம் ஒன்றும் துறைமுகத்தில் காலூன்றியிருந்தது. 1886-இல் ஸ்காட்லாந்தில் பதிவான பர்மா எண்ணெய்க் கம்பெனி, பர்மாவில் கிணறும் இரங்கூன் அருகே சுத்திகரிப்பாலையும் இந்தியத் துறைமுகங்களில் சேமிப்புக் கலங்களும் கொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோது பற்றி எரிந்தவை இதன் கலங்களே. எடுத்தல், தூய்மையாக்கல், கொண்டு செல்லல், விற்றல் ஆகிய நான்கையும் ஒரே நிறுவனம் பல நிலப்பகுதிகளில் நடத்தியது. 1909-இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி தோன்றவும் இதுவே முதல் தந்தது. பின்னர் 1928-இல் ஷெல் நிறுவனத்தோடு சேர்ந்து பர்மா ஷெல் உருவாயிற்று. 1976-இல் அது நாட்டுடைமையாகி, பாரத் பெட்ரோலியம் ஆயிற்று.

சுங்கச் சுவரும் தீப்பெட்டியும்

ஏற்கும் நாட்டின் கொள்கை பன்னாட்டு நிறுவனத்தைத் தோற்றுவிக்கும் முறையை விம்கோவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஐவர் குருகர் 1917-இல் உருவாக்கிய சுவீடிஷ் மேட்ச் நிறுவனம் இந்தியாவுக்குத் தீப்பெட்டியை ஏற்றுமதி செய்துவந்தது. 1922-இல் இந்திய அரசு, வருவாய் கருதி, தீப்பெட்டி இறக்குமதி மீதான வரியை உயர்த்தியது. வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பது கட்டுப்படியாகாமற் போயிற்று. அதனால் சுவரைத் தாண்டாமல் சுவருக்குள்ளேயே ஆலை கட்டும் வழியை அந்நிறுவனம் தேர்ந்தது. 1923-இல் விம்கோ தொடங்கப்பட்டது. அம்பர்நாத், கல்கத்தா, பரேலி ஆகிய இடங்களோடு திருவொற்றியூரிலும் அதன் ஆலை அமைந்தது.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வரி விதித்த அரசு அயல்நாட்டு ஆலையை வரவேற்க எண்ணி வரி விதிக்கவில்லை. ஆயினும் விளைவு அதுவாயிற்று. கொள்கையின் நோக்கமும் பயனும் வேறுபடக்கூடும் என்பதற்கு இது சான்று. இரண்டாவது, அதே சுங்கச் சுவர் உள்நாட்டாருக்கும் நிழல் தந்தது. அதே காலத்தில்தான் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். இயந்திரமும் உலகளாவிய முதலும் ஒருபுறம், கைத்தொழிலும் மலிவான உழைப்பும் மறுபுறமாக இரு உற்பத்தி முறைகள் ஒரே வரியின் கீழ் வளர்ந்தன. மூன்றாவது, சுவீடிஷ் நிறுவனம் முற்றுரிமை பெற்றுவிடுமோ என்னும் ஐயம் 1928-இல் சுங்கவரி வாரிய விசாரணை வரை சென்றது. அயல்நாட்டு முதல் உள்நாட்டு ஆலையாக மாறிய பின் அதனை ‘இந்தியத் தொழில்’ எனக் காப்பதா, அந்நியப் போட்டி எனத் தடுப்பதா என்னும் வினா அப்போதே எழுந்தது.

குருகரின் பேரரசு 1932-இல் அவர் இறந்ததும் சரிந்தது. விம்கோ அதன்பின்னும் பல்லாண்டுகள் நீடித்து, 2005-இல் ஐ.டி.சி. குழுமத்தின் வசமாயிற்று.

உரிமக் காலம்: கூட்டுறவும் கற்றலும்

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடும் தொழில் உரிமமும் இணைந்தன. உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்பது போதாது. படிப்படியாக இங்கேயே செய்தல் வேண்டும் என அரசு வற்புறுத்தியது. 1953-ஆம் ஆண்டுச் சுங்கவரி ஆணைய அறிக்கைக்குப் பின், பூட்டும் பணியோடு நின்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. இவ்விதிகளுக்கு இணங்கிய அயல்நாட்டு நிறுவனங்கள் உள்நாட்டாரோடு கூட்டுச் சேர்ந்தன. எண்ணூர் நெடுஞ்சாலையும் அதன் சுற்றுப்புறமும் அக்கூட்டுகளின் கண்காட்சி போல் ஆயின.

ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் மகிழுந்துகளைப் பூட்டியது. 1955-இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் பங்கு கொள்ள, அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, எண்ணூரில் வணிக ஊர்திகள் உருவாயின. அதே ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன; திருவொற்றியூரில் ‘புல்லட்’ உருவாயிற்று. 1954-இல் அமெரிக்கக் கார்போரண்டம், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல், முருகப்பா குழுமம் ஆகிய மூன்றும் கூடி, உராய்வுப் பொருள் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சலைத் தோற்றுவித்தன. 1946-இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, 1961-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு டயர் நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டுறவு கொண்டது.

அரசும் இவ்வழியில் இறங்கியது. மணலியில் சுத்திகரிப்பாலை அமைக்க 1965-இல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தில் இந்திய அரசுக்கு 74, அமெரிக்க அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13 விழுக்காடு பங்கு இருந்தது. கச்சா எண்ணெய் ஈரானிடம், தொழில்நுட்பம் அமெரிக்காவிடம், பெரும்பான்மை உரிமை இந்திய அரசிடம் எனப் பகிர்ந்த அமைப்பு இது. பங்குதாரர் பல நாட்டினர் ஆயினும் தொழிலும் கட்டுப்பாடும் இந்தியாவிலேயே இருந்தமையால் இது பன்னாட்டு நிறுவனம் ஆகாது, கூட்டு நிறுவனமே. 1973-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், பொதுவாக அயல்நாட்டுப் பங்கை 40 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வற்புறுத்தியது.

இக்காலத்தின் விளைவு வியப்புக்குரியது. இங்கிலாந்து என்ஃபீல்டு 1970-ஆம் ஆண்டளவில் உற்பத்தியை நிறுத்தியது. திருவொற்றியூர் தொடர்ந்து செய்தது. பிரித்தானிய லேலண்ட் சிதறியது. 1987-இல் இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் அதன் இந்தியப் பங்கை வாங்க, எண்ணூர் ஆலை நிலைத்தது. மான்ஸ்ஃபீல்டு நிறுவனமும் 1970-களின் இறுதியில் தொழிலைக் கைவிட்டது. அதன் கூட்டாளி இந்தியாவின் முன்னணி டயர் நிறுவனமாயிற்று. ஒரே வட்டாரத்தில் மூன்று தாய் நிறுவனங்கள் மறைய, மூன்று சேய்கள் வாழ்ந்தன.

இதனைத் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. உள்நாட்டிலேயே உதிரிகளைச் செய்ய வேண்டும் என்னும் விதி, தொழில்நுட்ப அறிவை வரைபடத்திலிருந்து தொழிலாளியின் கைக்கு இறக்கியது. பங்கு வரம்பு, மேலாண்மையை உள்நாட்டாரிடம் படிப்படியாக மாற்றியது. மூடிய சந்தை, தாய் நிறுவனம் வீழ்ந்தபோதும் வாங்குவோரைத் தந்தது. ஹைமர் கூறிய சிறப்பாற்றல் மெல்லக் கைமாறியது. அதே மூடிய சந்தை பழைய வடிவமைப்புகளே பல்லாண்டுகள் தொடரவும் இடந்தந்தது என்பதையும் மறுக்க இயலாது.

திசை மாறிய பயணம்

1991-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் அயல்நாட்டு முதல் பெருமளவில் வந்தது. தமிழகத்தில் அது வடக்கே வராமல், திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் சென்றது. வடசென்னையோ வேறொரு மாற்றத்தைக் கண்டது. இங்கு வேரூன்றிய நிறுவனங்கள் வெளியே செல்லத் தொடங்கின.

அசோக் லேலண்ட் 2006-இல் செக் நாட்டின் ஏவியா சரக்கூர்தித் தொழிலை வாங்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பேருந்து ஆலை அமைத்தது. இங்கிலாந்தின் ஆப்டேர் பேருந்து நிறுவனத்தில் 2010-இல் நுழைந்து 2012-இல் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. கார்போரண்டம் யுனிவர்சல் 2007-இல் இரஷ்யாவின் வோல்ஷ்ஸ்கி உராய்வுப் பொருள் ஆலையில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 1994-இல் ஐஷர் குழுமத்தின் வசமான ராயல் என்ஃபீல்டு, தான் பிறந்த இங்கிலாந்திலேயே தொழில்நுட்ப மையம் நிறுவியது. அர்ஜென்டினா, கொலம்பியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய நாடுகளில் பூட்டும் ஆலைகளைத் தொடங்கியது. ஒரு காலத்தில் ரெட்டிச்சிலிருந்து உதிரிகள் திருவொற்றியூருக்கு வந்த முறையே இப்போது தமிழகத்திலிருந்து பிற நாடுகளுக்குச் செல்லும் முறையாயிற்று.

எம்.ஆர்.எஃப். நிறுவனம் இவற்றோடு ஒப்பிடத்தக்க எல்லைக்கோட்டு நேர்வு. பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யினும் அதன் டயர் ஆலைகள் இந்தியாவிலேயே உள்ளன. உற்பத்தியின் இருப்பிடத்தை அளவாகக் கொண்டால் அது முதன்மையாக ஏற்றுமதி நிறுவனமே. புகழும் பரப்பும் ஒரு நிறுவனத்தைப் பன்னாட்டு நிறுவனமாக்குவதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நாட்டினத்தால் நிறுவனத்தை அடையாளம் காண்பதன் இடர்ப்பாட்டை அசோக் லேலண்ட் காட்டுகிறது. அது சென்னையில் தலைமையிடம் கொண்டது. அதன் முதன்மை உரிமையாளரான இந்துஜா ஆட்டோமோட்டிவ் இங்கிலாந்தில் பதிவு பெற்றது. உரிமைக் குடும்பம் இந்திய வம்சாவளியினது. ஆப்டேரிலிருந்து உருமாறிய ஸ்விட்ச் நிறுவனம், யார்க்ஷயரின் ஷெர்பன் ஆலையில் உற்பத்தியை நிறுத்துவது குறித்த நடவடிக்கையை 2025-இல் அறிவித்தது. கடலுக்கப்பால் எடுக்கப்படும் முடிவைப் பின்னி ஆலைத் தொழிலாளர் எதிர்கொண்டதைப் போலவே, யார்க்ஷயர்த் தொழிலாளரும் இப்போது எதிர்கொண்டனர். நிறுவனத்தின் நடத்தை அதன் கட்டமைப்பிலிருந்து பிறப்பது. உரிமையாளரின் நாட்டினம் அதனை மாற்றிவிடுவதில்லை.

துறைமுகத்திலும் இதே சிக்கல் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையத்தை 2001-இல் நடத்த ஏற்றது பிரித்தானிய பி அண்ட் ஓ குழுமம். அதனை 2006-இல் துபாயின் டி.பி. வேர்ல்டு வாங்கியதும் முனையமும் கைமாறியது. வாங்கியதும் விற்றதும் சென்னைக்கு வெளியே. மாறியது சென்னை முனையத்தின் நிருவாகம். இரண்டாம் முனையத்தைச் சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. நடத்துகிறது. டி.பி. வேர்ல்டும் பி.எஸ்.ஏ.வும் அரசுசார் உடைமைகள். எனவே பன்னாட்டு நிறுவனம் என்றாலே தனியார் என்னும் கருத்தும் பொருந்தவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் பெற்ற அதானி குழுமமோ இஸ்ரேலின் ஹைஃபாவிலும் இலங்கையின் கொழும்பிலும் கால்பதித்த இந்தியப் பன்னாட்டு நிறுவனம்.

கட்டுப்பாடும் பொறுப்பும்

வரையறையைக் கட்டுப்பாட்டின்மேல் நிறுத்துவதன் பயன் பொறுப்பினை நிறுவும் இடத்தில் வெளிப்படும். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, யூனியன் கார்பைடு இந்தியாவின் பங்குகளில் 50.9 விழுக்காடு அமெரிக்கத் தாய் நிறுவனத்திடம் இருந்தது. இந்திய நிறுவனம் தனிச்சட்ட ஆளுமை உடையது என்பது தாய் நிறுவனத்தின் வாதம். அமெரிக்க நீதிமன்றம் 1986-இல் வழக்கை இந்தியாவுக்குத் திருப்பியது; 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. துணை நிறுவனம் என்னும் சட்ட வடிவம், இலாபம் மேலே செல்லத் தடையாக இருப்பதில்லை. பொறுப்பு மேலே செல்லும்போது மட்டும் தடையாகிறது என்னும் படிப்பினையை அந்நிகழ்வு தந்தது. அதன் பின்னணியில், தில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துவோர்க்கு முழுப் பொறுப்பு உண்டு என்னும் கோட்பாட்டை 1986-இல் வகுத்தது.

வடசென்னைக்கு இது தொலைவான செய்தி அன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திகளிலும் படிந்தது. மணலி சுத்திகரிப்பாலையை நடத்தும் சென்னை பெட்ரோலியம் நிறுவனம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். முதலாவது, இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். அதில் ஈரானியப் பங்கு இன்றும் உள்ளது. இரண்டாவது, முருகப்பா குழுமத்தைச் சார்ந்தது. இரண்டிலும் கட்டுப்பாடு இந்தியருடையது. இடரை ‘அந்நிய நிறுவனம்’ என்னும் சொல்லோடு பிணைத்துப் பேசும் பழக்கம் இத்தகைய நேர்வுகளில் கழிமுக மீனவர்க்கு உதவுவதில்லை. ஆலையின் பாதுகாப்புச் செலவை முடிவு செய்தவர் யார், கண்காணித்திருக்க வேண்டிய அமைப்பு எது என்பவையே அவர்க்குப் பயன்தரும் வினாக்கள்.

முடிவுரை

இவ்வாய்வின் முடிபுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. பன்னாட்டு நிறுவனம் என்பது பல நாடுகளில் நடைபெறும் உற்பத்தியை அல்லது சேவையை ஒரு மையத்திலிருந்து கட்டுப்படுத்தும் நிறுவனம். ஏற்றுமதி, பங்கு முதலீடு, உரிம விற்பனை ஆகியவை மட்டும் இத்தன்மையைத் தருவதில்லை.

2. சாசனக் கம்பெனிகள் இவ்வடிவத்தின் மூதாதையரே; ஆட்சி அதிகாரம் கலந்திருந்ததாலும் உற்பத்தி உடைமை நெசவாளரிடம் இருந்ததாலும் இன்றைய பன்னாட்டு நிறுவனங்களோடு அவற்றை முற்றும் ஒன்றாக்குதல் பொருந்தாது.

3. வடசென்னையில் இவ்வடிவம் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் இந்நாட்டில் நிலவிய விதிகளின் பங்கு உண்டு. வட்டி உறுதி இரயில்வேயையும், இறக்குமதி வரி விம்கோவையும், உரிம முறை கூட்டு நிறுவனங்களையும், கட்டுப்பாட்டுத் தளர்வு வெளிச்செல்லும் நிறுவனங்களையும் உருவாக்கின.

4. பன்னாட்டு நிறுவனம் அயல்நாட்டாருடையதாகவோ தனியாருடையதாகவோ இருக்க வேண்டியதில்லை. வந்து தங்கிய நிறுவனங்களிலிருந்து கற்ற வட்டாரமே சில பன்னாட்டு நிறுவனங்களை வெளியே அனுப்பியுள்ளது.

ஆகவே தொழில் வட்டாரங்களைப் பற்றிய தமிழாய்வுகள், இது எந்த நாட்டு நிறுவனம் என்னும் வினாவோடு நின்றுவிடாமல், முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, தொழில்நுட்ப அறிவு யாரிடம் தங்குகிறது, ஆதாயம் எங்கே செல்கிறது, இழப்பு யாரிடம் எஞ்சுகிறது என்னும் நான்கு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். வடசென்னையின் நெசவாளர், ஆலைத் தொழிலாளர், மீனவர் ஆகியோரின் வரலாற்றை நிறுவனங்களின் வரலாற்றோடு இணைத்து எழுத இவ்வினாக்கள் வழிவகுக்கும்.